சுடுதண்ணீர் கொட்டாத வீடு

தம்பி,

என் கையிலிருந்து உன் தலையில் ஒரு சொட்டுச் சுடுதண்ணீர்கூட விழுந்தது கிடையாது. நலம் விசாரிப்பதற்கு முன்பே இதை எழுதிவிடுகிறேன். போனில் பேசினால் இந்த இடத்துக்கு நான் வந்து சேர்வதற்குள் உனக்கு ஏதாவது ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. உன் அப்பா பட்டு வேட்டியைச் சலவைக்குப் போட்டு வாங்கி வந்து, பீரோவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நீயோ புது வீட்டில் ரெனொவேஷன் நடக்கிறது என்று பாசிர் ரிஸிலேயே படுத்துக்கொள்கிறாய், ஜூரோங்கில் நம் வீட்டுப் பக்கம் தலைகாட்டுவதில்லை. எல்லாம் கூடிவரும் நேரத்தில் இந்த அம்மாவுக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். நினைத்துக்கொள், ஆனால் கடைசிவரை படித்துவிட்டு நினை.

பாசிர் ரிஸில் பெண் வீட்டுக்குத் தட்டு மாற்றப் போனோமே, அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருக்கலாம். எனக்கு அது தொண்டையில் மாட்டிய முள். சாப்பாடு முடிந்து பாயசம் பரிமாறினார்கள். நிவேதாவின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நல்ல மனுஷி, வாயில் வருவதை மறைக்கத் தெரியாதவர். “தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. நானும் ரெண்டு பிள்ளை வளர்த்தவதான். சின்னப் பிள்ளை நடமாடுற வீட்ல, கொதிக்கிற பானைய அவ்வளவு கீழ வைக்கலாமா? பாவம் லா, பிள்ளை எப்படித் துடிச்சிருக்கும்!” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாருடைய பிள்ளையைப் பற்றிச் சொல்கிறார் என்று சுற்றும்முற்றும் பார்த்தேன். “தம்பி எல்லாம் சொல்லிட்டாரு. மறைக்காம சொன்னதே பெரிய குணம்” என்று உன்னைக் காட்டினார். நீ பாயசக் கிண்ணத்துக்குள் முந்திரி தேடிக்கொண்டிருந்தாய். உன் அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அவருக்கும் தெரியும் என்று எனக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையை உருவிக்கொண்டு, “எந்தப் பானை? எந்தத் தண்ணீர்?” என்று கேட்டிருக்க வேண்டும். தாம்பூலத் தட்டு இன்னும் மேசையில் இருந்தது. நிவேதா எதிரில் நின்றுகொண்டு என்னை இரக்கத்தோடு பார்த்தாள். “ஆமாங்க. கவனிக்காம இருந்துட்டேன்” என்றேன். உனக்காகச் சொன்ன பொய்கள் எத்தனையோ உண்டு. பள்ளிக்கூடத்துக்குச் சொன்னேன், சொந்தக்காரர்களுக்குச் சொன்னேன். அதில் எதற்கும் இப்படி வாய் கசந்ததில்லை.

திரும்பும்போது ரயில் அங்கேதான் புறப்படுகிறது என்பதால் உட்கார இடம் கிடைத்தது. உன் அப்பா உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார், தூக்கம் வராத மனுஷன். எங்களைக் கொண்டுவந்து விடுவதற்காக நீயும் கூட வந்தாய். தெம்பனிஸ் ஸ்டேஷன் தாண்டியதும் கேட்டேன். நீ சொன்ன பதில் அப்படியே காதில் இருக்கிறது. “ஈஸி லா மா. ஆக்சிடெண்ட்னா சிம்பதி வரும், ஜெனட்டிக்னா கேள்வி வரும். நீங்க தாங்கிக்குவீங்க.” அதற்குப் பிறகு நாங்கள் இறங்கும் பூன் லே வரை நீ போனைப் பார்த்துக்கொண்டு வந்தாய். நான் சன்னல் கண்ணாடியில் தெரிந்த, முடி போன உன் தலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தாங்கிக்கொள்வேன்தான். இத்தனை காலம் தாங்கியிருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருப்பதே பெரிய விஷயம். ஆனால் தாங்குவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லை, பார்.

உன் தலையில் என்ன நடந்தது என்று உனக்கே முழுசாகத் தெரியாதோ என்ற சந்தேகம் எனக்கு இப்போது வருகிறது. நீ பிறக்கும்போது தலை நிறைய முடி. தாதி சீப்பால் வாரிவிட்டுத்தான் என் கையில் கொடுத்தாள். சில மாதங்களில் கன்னம் சிவந்து, தொட்டால் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரத்தது. வெயிலில் தூக்கிக்கொண்டு போனால் கண்ணை இறுக்க மூடி என் கழுத்துக்குள் முகத்தைப் புதைப்பாய். ‘அம்மா செல்லம்’ என்று நம் அடுக்குமாடி புளோக் முழுக்கச் சிரித்தார்கள், நானும் பெருமையாகச் சிரித்தேன். கண் கூசித்தான் பிள்ளை அப்படிச் செய்தது என்று யாருக்குத் தெரியும்? உனக்கு ஒரு வயதில் கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். முறைப்படி தாய்மாமன் மடியில் உட்காரவைத்தோம். என் அண்ணன், உன் மாமா, வீட்டுக்குள்கூடக் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாகத் திரிகிறவர். கோவில் என்பதால் தொப்பியைக் கழற்றிவிட்டு, மடித்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உன்னை மடியில் வைத்திருந்தார். அந்தப் போட்டோ இன்னும் ஹாலில் மாட்டியிருக்கிறது. ஒரே நோய் பிடித்த இரண்டு தலைகள் மேலும் கீழுமாக அதில் இருக்கின்றன, நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதற்குப் பிறகு வந்த முடி பஞ்சாக வந்தது. பாலர் பள்ளிக்குப் போகும் வயதில் உச்சியில் ஒரு ரூபாய்க்காசு அளவுக்கு வெளுத்தது, பிறகு பக்கத்திலேயே இன்னொன்று. உன் அத்தை பார்த்துவிட்டு, “மொட்டை சரியா விழல. இன்னொண்ணு போடு, கறுகறுன்னு வரும்” என்றாள். நம் ஆட்களுக்கு முடி சம்பந்தமான எதற்கும் மொட்டைதான் மருந்து. நானும் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். தைப்பூசத்துக்குத் தைப்பூசம் நான் பால்குடம் எடுப்பது, உனக்கு மொட்டை போடுவது என்று. ஒவ்வொரு தடவையும் சந்தனம் பூசிய தலையைத் தடவிப் பார்த்து, இந்தத் தடவை வந்துவிடும் என்று நம்புவேன். முடி வளர்வதற்காக முடியை எடுத்துக்கொண்டே இருந்தேன். நடுவில் சின்ன வெங்காயச் சாறு, பூண்டு, யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த கறுப்பு எண்ணெய் எல்லாம் நடந்தது. எரியுது அம்மா என்று நீ கத்துவாய். எரிந்தால்தான் வேர் பிடிக்கும் என்று உன் கையைப் பிடித்துக்கொண்டு தேய்ப்பேன். ஒரு டாக்டர் படர்தாமரை என்று களிம்பு கொடுத்தார், இன்னொருவர் பிள்ளையே பிய்த்துக்கொள்கிறான் என்றார். உன் அப்பா வீட்டில், “எங்க பரம்பரையில இப்படி ஒண்ணு கிடையாது” என்று ஆளுக்கொரு தடவை சொல்லிவிட்டுப் போனார்கள். அதில் மட்டும் அவர்கள் சொன்னது சரிதான்.

வகுப்புப் பிள்ளைகள் உனக்கு ‘மேப்’ என்று பெயர் வைத்தார்கள். தலையில் நாடு நாடாகத் தெரிகிறதாம். வகுப்புப் போட்டோ எடுக்கிற அன்று காலையில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு, கறுப்பு மார்க்கரால் தலையில் வெளுத்த இடத்தையெல்லாம் நிரப்பிக்கொண்டு வந்தாய். “இப்ப ஓகே தானே மா?” என்று கேட்டாய். ஓகே என்றேன். போட்டோ எடுப்பதற்குள் வேர்வையில் மை இறங்கி, வெள்ளைச் சட்டைக் காலர் கறுத்துப் போயிருந்தது. அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான். நிவேதா வீட்டுக்குச் சொல்ல உன்னிடம் கதை இல்லை என்று நினைத்தாயா? இதைச் சொல்லியிருக்கலாமே.

அதற்கப்புறம்தான் பெரிய ஆஸ்பத்திரியில் அந்தத் தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள். நடுத்தர வயதுச் சீன அம்மாள், அவசரமே படாதவர். உன் தலைமேல் பூதக்கண்ணாடி மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். பக்கத்தில் முடி இருக்கும் இடத்தில் தோலில் புள்ளி புள்ளியாகத் துவாரம் தெரிந்தது. வெளுத்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வழவழவென்று பீங்கான் தட்டுப் போல இருந்தது. “முடி உதிர்ந்தால் திரும்ப வரலாம். இங்கே வேர் இருந்த இடமே தழும்பாகி மூடிவிட்டது. இனி இங்கே வராது” என்றார். பிள்ளைகளுக்கு இப்படித் தழும்பு விழப் பல காரணம் இருக்கலாம், கிருமியாலும் வரும், உடம்பே தன் வேரைத் தாக்குவதாலும் வரும், சிலருக்குப் பிறவியிலேயே மரபணுவில் இருக்கும், அதைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று சொல்லி, தலைத்தோலில் துளியூண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மொட்டை போட்டதால்தான் போய்விட்டதா என்று நான் அழுதுகொண்டே கேட்டேன். மொட்டையால் வந்ததில்லை, ஆனால் ஒவ்வொரு மொட்டையிலும் அது பரவுவது உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது என்றார். சீக்கிரம் வந்திருந்தால் தோலின் அழற்சியை அடக்கி இன்னும் கொஞ்சம் முடியைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதையும் சொன்னார். பொய் சொல்லாதவர், அதற்காக அவரை அன்று வெறுத்தேன்.

அடுத்த தடவை போனபோது, சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, என் பிறந்த வீட்டு ஆண்களில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு டிஷ்யூவை நீட்டி, “தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் புருவத்தைத் துடைத்துக் காட்ட முடியுமா?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் புருவத்தைப் பென்சிலால் வரைகிறவள் என்று உன் அப்பாவுக்குத் தவிர யாருக்கும் தெரியாது. வெளிப்பக்கத்துப் பாதி எனக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது. வரையாமல் குப்பை கொட்டக்கூட வாசலைத் தாண்டியதில்லை. துடைத்தேன். அவர் என் மேல்கையைத் தடவினார், அங்கேயும் அதே உப்புத்தாள். “உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா?” என்று திரும்பக் கேட்டார். ஒரு அண்ணன் இருக்கிறார், ஆனால் அவர் வேறு, குழந்தையில் தலையில் கஞ்சி கொட்டிப் புருவமும் இமைமுடியும்கூடப் போய்விட்டன என்றேன். காதிலும் கழுத்திலும் தழும்பு உண்டா என்றார், இல்லை என்றேன். “கஞ்சி கொட்டினால் இமைமுடியும் புருவமும் போய், காதும் கழுத்தும் மட்டும் எப்படித் தப்பிக்கும்?” என்று அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

இந்தக் கஞ்சிக் கதை உனக்குத் தெரியும், நான்தான் உனக்குச் சொன்னேன். அதனால்தான் அதை அவ்வளவு சுலபமாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். ஆனால் அது எப்படி உடைந்தது என்று சொன்னேனா என்பது நினைவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தோ பாயோவில் உன் பாட்டி வீட்டுக்குப் போனேன். என் அம்மா தரையில் தாளை விரித்துப்போட்டு இக்கான் பிலிஸ் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல், “அம்மா, அண்ணன் தலையில நெஜமா கஞ்சி கொட்டுச்சா?” என்றேன். “எதுக்கு இப்ப?” என்றாள். “சொல்லு.” இன்னும் கொஞ்சம் கருவாட்டைக் கிள்ளிப் போட்டாள். “கொட்டல.” “அப்புறம் ஏன் ஊரெல்லாம் சொன்ன?” அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். “நீ பொறந்துட்டியேடி. சீக்குக் குடும்பம்னா உன்னை எவன் கட்டுவான்? என்னைப் பொறுப்பில்லாதவளுன்னு சொல்லிட்டுப் போகட்டும். அதனால யாரு கல்யாணமும் நிக்காது.”

நான் அன்று என் அம்மாவைப் பேசாத பேச்சில்லை. முன்பே சொல்லியிருந்தால், உன் கன்னம் சிவந்த அன்றே டாக்டரிடம் ஓடியிருப்பேன், வெங்காயம் தேய்த்து உன்னை அழவைத்திருக்க மாட்டேன் என்று கத்தினேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் கதவைத் திறந்து பார்த்தாள். என் அம்மா கிள்ளிய தலைகளைத் தாளோடு சுருட்டிக் குப்பையில் போட்டாள். பிள்ளை தலையில் கஞ்சி ஊற்றியவள் என்ற பெயரோடு அந்த மாடியில் அத்தனை வருடம் ஏறி இறங்கியவள், அதே பெயரோடுதான் போய்ச் சேர்ந்தாள். என் கல்யாணம் அந்தப் பொய்யின்மேல்தான் நடந்தது, நீ அந்தக் கல்யாணத்தில்தான் பிறந்தாய். அவள்மேல் இருந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் ஒன்று உண்டு. அவள் அந்தப் பழியைத் தானே எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நீ அதை எடுத்து என் தலையில் போட்டுவிட்டு முந்திரி தேடினாய்.

அந்தச் சண்டைக்கு அடுத்த வாரம் உன் மாமா வந்ததாவது நினைவிருக்கிறதா? துறைமுகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர், வெயில் படாத வேலையாகப் பார்த்துச் சேர்ந்தவர். கல்யாணமே வேண்டாம் என்று ஏன் ஒதுங்கினார் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை, ‘கூலிங் கிளாஸ் ஹீரோ’ என்று கிண்டல் மட்டும் செய்தோம். நேரே உன் அறைக்குள் வந்து, கட்டிலில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றினார், கண்ணாடியைக் கழற்றினார். கூடப் பிறந்த எனக்கே அந்தத் தலையை வெளிச்சத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. “பாருடா. நம்ம ரெண்டு பேரும் ஒரே கம்பெனி. நான் சீனியர், நீ ஜூனியர். யாராச்சும் மேப்புன்னா, எங்க மாமா முழு உலகமும் வச்சிருக்காருன்னு சொல்லு” என்றார். நீ சிரித்துச் சிரித்துப் படுக்கையில் உருண்டாய். அன்றிலிருந்துதான் தொப்பி இல்லாமல் கீழே விளையாடப் போக ஆரம்பித்தாய். அவர் இறந்தபோது, பெட்டியில் வைக்கும்போது தொப்பி போடவேண்டாம் என்று சொன்னவனும் நீதான். அப்பேர்ப்பட்ட மாமாவையும் சேர்த்துத்தான் உன் பானைத் தண்ணீரில் கரைத்துவிட்டாய். ஆக்சிடெண்ட் என்றால் அதற்குப் பரம்பரை ஏது, மாமா ஏது?

நீ ராணுவத்தில் என்.எஸ். முடித்துவந்த பிறகு நம் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்து, மரபணுவைப் பார்த்து, காகிதத்தில் கொடுத்தார்கள். எல்லாருக்கும் அந்தச் சோதனையில் விடை கிடைத்துவிடுவதில்லையாம், நமக்குக் கிடைத்தது. என்னிடமிருந்து உனக்கு வந்தது என்பது அன்று உறுதியாயிற்று. வெளியே வந்ததும் நீ எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து, “உங்க தப்பு இல்ல மா” என்றாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் தலை நிமிர்ந்து நடந்தேன். பாசிர் ரிஸில் ஒரு கிண்ணம் பாயசம் ஆறுவதற்குள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாயே.

உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. முதலில் ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது, அவளிடம் உண்மையைச் சொன்னாய். அவள் வீட்டில், “பரம்பரை வியாதியா?” என்று கேட்டார்கள். அதோடு அவள் போனை எடுக்கவில்லை. நீ அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாய், நான் பார்த்தேன். அந்தக் குடும்பத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அதற்காக? உண்மைக்கு ஒருத்தி போய்விட்டாள் என்று, பொய்யைக் காட்டி இன்னொருத்தியைக் கூட்டிவருவாயா? நிவேதா போய்விடுவாள் என்று நீயே முடிவு செய்துவிட்டாய். அவளைக் கேட்டாயா? என்னிடம் கேட்காததைத்தான் அவளிடமும் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை அவள் இங்கே வந்தாள், நீ வரவில்லை. ஆறாவது மாடிக் குழந்தை என்னிடம் இருந்தது. நான் என்ன வேலை செய்கிறவள் என்று உனக்கு நினைவுபடுத்தவேண்டுமா? இந்த புளோக்கில் வேலைக்குப் போகிற தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள், நீ பள்ளிக்குப் போன காலத்திலிருந்து. என்னிடம் வளர்ந்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஒரு பிள்ளைக்கும் என் வீட்டில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அன்று தேத்தண்ணீருக்குக் கெட்டிலை அடுப்பில் வைத்திருந்தேன். அந்தக் குட்டி எப்போதும் போல என் பின்னாலேயே அடுப்படிக்கு ஓடி வந்தாள். நிவேதா சோபாவிலிருந்து பாய்ந்து வந்து, அவளை வாரி எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். நான் கையில் வடிகட்டியோடு நின்றேன். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. திரும்பி வந்து, சத்தமில்லாமல் கெட்டிலை அடுப்பின் உள்பக்கத்துக்குத் தள்ளி வைத்தாள். அப்புறம் என் தோளைத் தொட்டு, “கில்ட்டியா ஃபீல் பண்ணாதீங்க ஆண்டி. அது பழைய கதை. எங்களுக்குப் பேபி வந்தா நாங்க இன்ஃபண்ட் கேர்ல போட்டுக்கிறோம், இப்பவே பார்த்து வச்சிட்டோம். உங்களுக்கு எதுக்கு ஸ்ட்ரெஸ்?” என்றாள்.

அவள்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன், கெட்டிலை இன்னும் வேகமாகத் தள்ளியிருப்பேன். அவள் போன பிறகு அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரார் பிள்ளையெல்லாம் என் கையில் வளரலாம், என் மகனுக்குப் பிறக்கப்போகிற பிள்ளை மட்டும் வளரக்கூடாது. அதற்கு வழி பண்ணி வைத்தவன் நான் பெற்ற மகன். இந்த வயதில் எனக்கு வேறு என்ன ஆசை மிச்சம் இருக்கிறது என்று நினைத்தாய்?

டாக்டர் சொன்னது உன் காதில் விழுந்ததா இல்லையா, தெரியவில்லை. திரும்பச் சொல்கிறேன். உனக்கு மகன் பிறந்தால் இது அவனுக்கு உன்னிடமிருந்து போகாது. மகள் பிறந்தால் கட்டாயம் அவளிடம் போகும். அவளுக்கு என்னைப் போல லேசாக, பாதிப் புருவத்தோடு நின்றுவிடலாம். அவள் பெறுகிற பையன்களில் யாருக்கு வேண்டுமானாலும், மாமாவுக்கும் உனக்கும் வந்த மாதிரி வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. நிவேதாவுக்குத் தெரிந்திருந்தால், அந்த வீட்டில் ஒரு குழந்தையின் கன்னம் சிவந்த அன்றே, வெயிலுக்குக் கண்ணை மூடிய அன்றே, எங்கே போகவேண்டும் என்று தெரியும். பிள்ளை பெறுவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும் வழி இருக்கிறது. தெரியாவிட்டால் அவள் மகளும் மொட்டை போடுவாள், வெங்காயம் தேய்ப்பாள். என் அம்மா மறைத்தாள், அதன் பெயர் என்னவென்று அவளுக்குத் தெரியாது. நான் தெரியாமல் உனக்குக் கொடுத்தேன். நீ எல்லாம் தெரிந்துகொண்டு கொடுக்கப்போகிறாய், அதுவும் வாய் திறக்காமல்.

சொன்னால் அவள் போய்விடலாம். போகமாட்டாள் என்று நான் உனக்குச் சத்தியம் செய்யப்போவதில்லை, எனக்கு அவளை அவ்வளவு தெரியாது. ஆனால் யாரோ ஒரு குழந்தைக்காக அப்படிப் பாய்ந்து வந்தவள், உன் தலையைப் பார்த்து ஓடுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஓடினால் பொய் சொன்னதற்காக ஓடுவாள். அதனால் நாள் ஆக ஆக உனக்குத்தான் கஷ்டம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தாலிக்கொடி டிசைன் பார்க்க அவள் என்னைச் சிராங்கூன் ரோட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அதற்குள் நீ சொல்லிவிடு. உன் வாயால் சொல், உட்காரவைத்துச் சொல், மாமாவைப் பற்றியும் சொல். நீ சொல்லாவிட்டால், நகைக்கடைக்குள் நுழைவதற்கு முன் நான் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். “என் கையால அவன் தலையில தண்ணி கொட்டலம்மா.” அதற்கு மேல் என்னிடமிருந்து ஒரு வார்த்தை வராது. உன் உடம்பைப் பற்றிச் சொல்வது உன் பாடு, அதில் எனக்கு உரிமை இல்லை. என் கையைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. மீதியை அவள் உன்னிடம் கேட்டுக்கொள்வாள்.

உன் அப்பா இதைப் படித்துவிட்டு, “விடேன், கல்யாணம் முடியட்டும்” என்கிறார். அவருக்கு மின்விசிறி இருக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும். கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை எடுத்து வைத்திருக்கிறேன், நீ கூப்பிட்டால் கட்டிக்கொண்டு வருவேன், முன்வரிசையில் உட்காருவேன். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. நீ சொல்லியிருந்தாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி, அன்று நான் புருவம் வரைந்துகொண்டு வரப்போவதில்லை.

அம்மா